தொப்பை அளக்கும் விண்வெளிக் கருவி

அன்றைக்கு அந்தக் கடைக்குள் இருந்தவர்கள் ஆறே பேர். இதை முதலிலேயே எழுதி வைத்துவிடுகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் இப்போது யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் தானும் அன்றைக்கு அங்கே நின்றதாகச் சொல்கிறார்கள். அத்தனை பேரும் நின்றிருந்தால் பத்துக்குப் பத்து அடிக் கடையின் சுவர் நடுத்தெருவில் கிடந்திருக்கும்.

ஒன்று, கடைக்காரர். 'இயற்கை நலவாழ்வு மையம்' என்று போர்டு வைத்திருந்தார். அதற்கு முந்தைய வருடம் அதே இடத்தில் செல்போனுக்கு உறை விற்றுக்கொண்டிருந்தார். இரண்டு, வெளியூரில் ஏதோ ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் பாடம் நடத்துகிற பேராசிரியர். மூன்று, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அம்மா ஒருவர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நேராக வந்திருந்தார், மடியில் பைபிள் பை. நான்கு, என் அண்ணன். ஐந்து, அண்ணனின் மனைவி, என் மதினி. ஆறாவது நான். ஸ்டாண்டில் நின்ற கருவியையும் ஓர் ஆளாகக் கணக்கு வைத்தால் ஏழு. அப்படிக் கணக்கு வைப்பதுதான் நியாயம். கடைக்குள் அதற்குத்தான் மரியாதை அதிகம்.

அந்தக் கருவியைச் செய்தது நான்.

ராஜபாளையத்தில் ஒரு சந்துக்குள் எனக்கு ரிப்பேர் கடை. மிக்ஸி, இன்வெர்ட்டர், கோயில் கொடைத் திருவிழாவுக்குப் பாட்டுப் போடுகிறவர்களின் ஆம்ப்ளிஃபயர், எது வந்தாலும் பார்ப்பேன். படிப்பு ஒன்பதாம் வகுப்பு அரைப்பரீட்சை வரைக்கும். பரீட்சையில் ஃபெயிலாகிவிட்டால் என்ன செய்வது என்ற கவலையில் மார்க் வருவதற்கு முன்பே பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டேன். ஆறு மாதம் கழித்து, பாஸாகியிருந்தேன் என்று தெரியவந்தது. அதற்குள் ஈயம் பற்றவைக்கிற சால்டரிங் அயர்ன் பிடித்துப் பழகிவிட்டதால் திரும்பிப் போகவில்லை.

கவலைப்படுவதில் எனக்குக் குறை வைத்ததே இல்லை. கடையைப் பூட்டிவிட்டுப் பாதி தூரம் போனதும் சால்டரிங் அயர்னைப் பிடுங்கினோமா இல்லையா என்று சந்தேகம் வரும். திரும்பி வந்து பார்ப்பேன். மறுபடி பாதி தூரம் போனதும், பார்த்தோமா இல்லையா என்று சந்தேகம் வரும். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். சூடு ஆறியதும் அயர்னைப் பையில் போட்டு வீட்டுக்கே கொண்டுபோய்விடுவது. என்னோடு பஸ்ஸில் வருகிற பொருள் கடையில் எரிய முடியாது.

இப்படிப்பட்டவனிடம்தான் அந்த நலவாழ்வு மையக்காரர் செல்போனை நீட்டினார். தமிழில் டப்பிங் செய்த ஏதோ விண்வெளிப் படம். ஒரு காட்சியில் நிறுத்தி வைத்திருந்தார். கப்பலுக்குள் ஒருத்தர் அடிபட்டுக் கிடக்கிறார். வெள்ளை உடுப்புப் போட்ட டாக்டர் கையில் ஒரு கருவி. பார்ப்பதற்கு முடி உலர்த்துகிற டிரையருக்கும் சுவரில் ஓட்டை போடுகிற டிரில்லுக்கும் பிறந்த பிள்ளை மாதிரி இருந்தது. அதை உடம்புக்கு மேலே அப்படியே ஓட்டுகிறார். ரீங்காரம் ஏறுகிறது, வளையத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வெளிச்சம் மாறுகிறது, உள்ளே எந்த எலும்பு முறிந்திருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிடுகிறார்.

"அண்ணாச்சி, அச்சு அசல் இதே மாதிரி ஒண்ணு வேணும். வேல செய்யணும்" என்றார்.

படத்தில் இது நோயைக் கண்டுபிடிக்கிறதே, அதற்கு நான் எங்கே போவேன் என்று கேட்டேன்.

"நோயெல்லாம் நான் பாத்துக்கிடுதேன். நீங்க லைட்டு எரியிறத மட்டும் பாருங்க."

கடைத் திறப்புவிழாவுக்கு வருகிறவர்கள் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வதற்காம். அந்த வார்த்தையை நான் நம்பினேன் என்று இப்போது சொல்கிறேன். உண்மையில் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. இருபத்தைந்து வருடமாகப் பழுதானதைப் பழையபடி ஆக்குகிற வேலையே பார்த்தவனிடம் இல்லாத ஒன்றைச் செய்து தா என்று முதல்முறையாக ஒருவர் கேட்டிருக்கிறார். அந்தச் சந்தோஷத்தில் காது கொஞ்சம் அடைத்துக்கொண்டது.

அந்தக் காட்சியை நாற்பது தடவைக்குக் குறையாமல் பார்த்திருப்பேன். கருவியின் உடம்புக்கு ஒரு சலூன்காரர் தூக்கிப்போட்ட டிரையரின் கூடு. மூக்குக்கு பிளம்பிங் கடையில் வாங்கிய, ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் குறுகுகிற பி.வி.சி. ரெடியூசர். விளக்கு வளையத்துக்கு டிபன் பாக்ஸ் மூடியை நடுவில் அறுத்துக்கொண்டேன். கார் பெயின்டு அடிக்கிற பட்டறையில் கெஞ்சி, மிச்சமிருந்த சாம்பல் வெள்ளியை இரண்டு கோட்டு அடித்து வாங்கினேன். உள்ளே மூளைக்கு விரல் நீளத்தில் ஒரு போர்டு, ஆன்லைனில் தருவித்தது. அதற்கு எழுதவேண்டிய புரோகிராமை இன்டர்நெட்டிலிருந்து எடுத்து, எதை மாற்றினால் எது கெட்டுப்போகிறது என்று பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். ஒரு புள்ளி விட்டுப்போனதைக் கண்டுபிடிக்க மூன்று நாள். அந்த மூன்று நாளும் வீட்டில் என்னோடு யாரும் பேசவில்லை. பேசினாலும் என் காதில் விழுந்திருக்காது.

கவலை இல்லாமல் இல்லை. பேட்டரி சூடாகிக் கையில் வெடித்தால்? ஒரு ஃபியூஸ் வைத்தேன். அந்த ஃபியூஸ் வேலை செய்யாவிட்டால்? இன்னொன்று. இரண்டும் சேர்ந்து ஏமாற்றிவிட்டால் என்ன செய்வது என்று, சூடு ஏறினால் தானாகவே அறுந்துகொள்கிற சாமான் ஒன்றைப் பழைய ரைஸ் குக்கரிலிருந்து கழற்றிப் போட்டேன். சின்னப் பிள்ளைகள் வாயில் வைத்துவிடக் கூடாது என்று மூக்கில் கம்பி வலை. வெளிச்சம் கண்ணைக் குத்தக் கூடாது என்று வளையத்துக்கு மேல் பால் நிறத் தாள். எல்லாவற்றுக்கும் பயந்தேன். அது வேலை செய்துவிடுமோ என்று மட்டும் பயப்படவில்லை.

படத்தில் கருவி உடம்பை நெருங்க நெருங்க ரீங்காரம் ஏறுகிறது அல்லவா, எனக்கும் அப்படியே ஏற வேண்டும். லைட்டைத் தன் போக்கில் மாற்றி மாற்றி எரிய விட்டிருக்கலாம், மனது ஒப்பவில்லை. எதையாவது உண்மையாக அளந்தால்தான் அது கருவி, இல்லாவிட்டால் கல்யாண மண்டப சீரியல் செட். அதனால் ஒரு சென்சார் வைத்தேன். கார் ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் சுவர் நெருங்கினால் கீங் கீங் என்று கத்துமே, அந்த வகை. எதிரே இருப்பது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்க்கும். வேறு ஒன்றும் பார்க்காது. காருக்குப் பின்னால் இருக்கவேண்டியதை மனிதனுக்கு முன்னால் வைத்தேன், அவ்வளவுதான். தள்ளியிருந்தால் பச்சை. கிட்டே வந்தால் மஞ்சள். ஓர் அடிக்குள் வந்துவிட்டால் சிவப்பு, கூடவே பாத்திரத்துக்குள் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு ரீங்காரம்.

திறப்புவிழா அன்று எல்லாரும் போட்டோ எடுத்தார்கள். நானும் எடுத்துக்கொண்டேன். ஒரு வாரம் கழித்துக் கடைக்காரர் போன் செய்தார். கையில் பிடித்தால் ஆடுகிறதாம், லைட் நிலையாக நிற்கவில்லையாம், ஸ்டாண்டு வேண்டுமாம். பழைய பெடஸ்டல் ஃபேனின் தலையை எடுத்துவிட்டு அந்தக் கம்பியில் கருவியைப் பொருத்திக் கொடுத்தேன். மேலே கீழே ஏற்றி இறக்கலாம். எதிரே சுவரோரம் தரையில் சிவப்புப் பெயின்டில் அவர் இரண்டு பாதம் வரைந்தார். ஆள் அந்தப் பாதத்தின் மேல், முதுகு சுவரில் ஒட்ட நிற்க வேண்டும். சிவப்புப் பாதம் என்றதும் வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார்கள். இறங்கும்போது சிலர் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

மூன்றாவது வாரம் ஃபியூஸ் மாற்றப் போனேன். என் ஃபியூஸ்கள் தேவைக்கு மேல் விசுவாசமானவை, சும்மா சும்மா போய்விடும். அப்போதுதான் நடப்பதைப் பார்த்தேன். ஒல்லியாக ஒரு அம்மா ஏறி நின்றார், பச்சை. ஆரோக்கியம், ஆனாலும் தெம்புக்கு ஒரு டப்பா சூரணம். அவர் வீட்டுக்காரர் ஏறினார், வயிறு அவருக்கு முன்னால் ஏறியது, சிவப்பு. சுகர், கொழுப்பு, இரண்டு டப்பா. பிறகு மாசமாக இருக்கிற ஒரு பெண். கருவி அலறியது. கடைக்காரர் கொஞ்சமும் அசரவில்லை.

"ரெண்டு உசுருக்கும் சேத்துக் காட்டுதும்மா" என்றார்.

முதுகு சுவரில் ஒட்டி நின்றால் எல்லாருக்கும் தூரம் ஒன்றே. மாறுவது வயிறு மட்டும். விண்வெளியிலிருந்து இறங்கி வந்து என் கருவி ஸ்ரீவில்லிபுத்தூரில் தொப்பையை அளந்துகொண்டிருந்தது. தெருவுக்கு நாலு பால்கோவாக் கடை இருக்கிற ஊர். அதற்கு ஓய்வே இல்லை.

விவகாரம் என்னவென்றால், அது பாதிக்குப் பாதி சரியாக வேறு சொல்லிவிட்டது. தொப்பை வைத்தவர்கள் லேபில் போய் ரத்தம் கொடுத்தார்கள். நிறையப் பேருக்கு சுகர் இருந்தது. வந்து ஊரெல்லாம் சொன்னார்கள். அவர்கள் மனைவிமார் பத்து வருடமாகச் சொன்னதைக் கேட்காதவர்கள், டிபன் பாக்ஸ் மூடி சொன்னதும் கேட்டார்கள்.

கடைக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். "அதுவுஞ் சரிதான அண்ணாச்சி. தொப்ப வச்சவனுக்குத்தான நோயி" என்று என் தோளைத் தட்டினார். நானும் விட்டுவிட்டேன். இதில் எனக்குப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. அந்த மூன்று வாரத்தில் என் கடைக்கு ஆள் வரத்து கூடியிருந்தது. மாமனார் வீட்டில் என்னை யாரோ ஒருவரிடம் 'விஞ்ஞானி' என்று அறிமுகம் செய்திருந்தார்கள். அதுவரை 'மிக்ஸி பாக்குறவரு' என்றுதான் சொல்வார்கள்.

அண்ணனிடமும் நான் அளந்துவிட்டிருந்தேன். அதுதான் வினையாகப் போனது.

அண்ணன் பட்டாளத்தில் பத்தொன்பது வருடம் இருந்துவிட்டு வந்தவர். வன்னியம்பட்டியில் தோட்டம். எங்கள் இருவரில் உடம்பு அவருக்கு, கவலை எனக்கு என்று பிரித்துக்கொண்டோம். கம்பி மாதிரி ஒல்லி. இன்றைக்கும் பட்டாளத்து பெல்ட்டில் அதே ஓட்டைதான். மதினி ஒருநாள் எனக்குப் போன் செய்தார். மோட்டார் ரூம் படி நாலு ஏறினால் அண்ணன் நின்று நெஞ்சைத் தடவுகிறாராம். இடது தோள்பட்டை வலிக்கிறது என்று தைலம் கேட்கிறாராம். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் வாயுப்பிடிப்பு என்கிறாராம்.

உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள் என்றேன். மறுநாள் அண்ணனே பேசினார்.

"ஏலே, ஒம் மிஷினுல காட்டிட்டேன். பச்ச விழுந்துட்டு. நெஞ்சு, வயிறு எல்லாம் கிளியராம். ஒங்க மதினிகிட்ட நீயே சொல்லு, மூணு நாளா உயிர வாங்குதா."

எத்தனையோ வருடமாக இல்லாத ஆபத்துகளுக்கெல்லாம் பயந்து பழகிய உடம்பு இது. நிஜமான ஒன்று வந்து நின்றதும் என்ன செய்வது என்று தெரியாமல் கடையைப் பூட்டியது, மறுபடி திறந்தது, மறுபடி பூட்டியது. மிஷின் ஒன்றும் பார்க்காது என்று நான் போனில் எவ்வளவோ சொன்னேன். தன்னடக்கம் இருக்க வேண்டியதுதான், ஆனால் பட்டாளத்துக்காரன் தம்பிக்கு இவ்வளவு ஆகாது என்று வைத்துவிட்டார். பிறகு மதினிதான் சொன்னார்: ஞாயிற்றுக்கிழமை அண்ணன் தன்னையும் கூட்டிக்கொண்டு போய் இன்னொரு தடவை காட்டப்போகிறாராம், மறுபடியும் பச்சை விழுந்தால் அதன்பிறகு இந்த வீட்டில் ஆஸ்பத்திரி என்ற பேச்சே எடுக்கக் கூடாதாம். மதினியிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்.

ஆக, நான் செய்த டிரையர் கூடு மறுபடி ஒரு பச்சை காட்டுமா இல்லையா என்பதில் அண்ணனின் நெஞ்சு மாட்டிக்கொண்டது. காட்டும் என்று எனக்குத் தெரியும். அவருக்குத்தான் தொப்பையே கிடையாதே.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் வேலையாக பஸ் ஏறினேன். நான் போய்ச் சேரும்போது அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டி, இரண்டு பாதத்தின் மேலும் அட்டென்ஷனில் நின்றுகொண்டிருந்தார். நெஞ்சுக்கு நேரே கருவி. பச்சை. மதினியைப் பார்த்து ஒரு சிரிப்பு. பேராசிரியரும் தலைமையாசிரியை அம்மாவும் பெஞ்சில் உட்கார்ந்து நல்ல செய்தி கேட்ட முகத்தோடு தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

என் வாழ்நாளில் ஐந்து பேர் முன்னால் சத்தமாகப் பேசியது அன்றைக்குத்தான்.

"அண்ணே, இதுக்குள்ள ஒண்ணுமே இல்ல. கார் ரிவர்ஸ் எடுக்கையில கத்துமே, அந்த சென்சாருதான். ஆளு எம்புட்டு தூரத்துல நிக்காருன்னு பாக்கும். அம்புட்டுதான். நெஞ்சும் பாக்காது, ஈரலும் பாக்காது."

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"ஒம்பதாங்கிளாஸு சார். அரைப்பரீட்ச வரைக்கும்."

அவர் மற்றவர்கள் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு சாமானைச் சேர்த்துப் பொருத்துவது வேறு, அது இயங்குகிற தத்துவம் வேறு என்று விளக்கினார். செய்தவருக்கே அது என்ன செய்கிறது என்று முழுதாகத் தெரிய வேண்டிய அவசியமில்லையாம். இந்தக் காலத்து சென்சார்கள் நமக்குத் தெரியாமலே நிறைய விஷயங்களைச் சேகரிக்கின்றனவாம். தனக்கே போன மாதம் சிவப்பு விழுந்து, லேபில் பார்த்தால் சுகர் இருந்ததாம். சொல்லிக்கொண்டே சட்டையை இழுத்துவிட்டார். வயிற்றில் பட்டன் ஒன்று உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தது.

தலைமையாசிரியை அம்மாவுக்கு என் மேல் இரக்கம் வந்துவிட்டது. "தம்பி, உன் திறமைய நீயே தாழ்த்திச் சொல்லாத. ஆண்டவர் படிச்சவங்க கையாலதான் வேலை செய்வார்னு இல்ல" என்றார்.

கடைக்காரர், பிள்ளை சேட்டை செய்தால் பெற்றவர் சிரிப்பது மாதிரி சிரித்துக்கொண்டு நின்றார்.

நான் அண்ணனைப் பாதத்திலிருந்து இறக்கிவிட்டு, கருவியை வெறும் சுவருக்கு நேராக வைத்தேன். பச்சை எரிந்தது. "பாருங்க, செவுத்துக்கும் பச்சைதான்" என்றேன்.

"செவுத்துக்கு என்ன நோயி இருக்கு? சரியாத்தான காட்டுது" என்றார் அண்ணன்.

பேராசிரியர் அதை ஆமோதித்தார். நான் சூரண டப்பா அடுக்கிய அட்டைப்பெட்டியைத் தூக்கிவந்து கருவிக்கு முன்னால் வைத்தேன். சிவப்பு, அலறல். இப்போது என்ன சொல்வார்கள் என்று பார்த்தேன். அந்தப் பெட்டிக்குள் இருப்பது அவ்வளவு வீரியமான மூலிகை, அதனால்தான் சிவப்பு என்று கடைக்காரர் நிதானமாகச் சொன்னார். தலைமையாசிரியை அம்மா பெட்டியைப் புது மரியாதையோடு பார்த்தார்.

மதினி ஐந்தாம் வகுப்பு. அந்தக் கடைக்குள் நான் சொன்னதை உடனே புரிந்துகொண்ட ஒரே ஆள் என்னைவிட நாலு வகுப்பு குறைவாகப் படித்தவர். எழுந்து வந்தார். அண்ணனைப் பிடித்து மறுபடி பாதத்தின் மேல் நிறுத்தினார். அவர் தோளில் கிடந்த தேங்காய்ப்பூத் துண்டை உருவி, நாலாக மடித்து, எட்டாக மடித்து, அத்தனை பேர் முன்னாலும் அவர் சட்டைக்குள் வயிற்றுப் பக்கம் திணித்தார். கருவியை நெஞ்சிலிருந்து வயிற்றுக்கு இறக்கினார்.

சிவப்பு. பாத்திரத்துக்குள் வண்டு.

முடிந்தது என்று நினைத்தேன். ஒரு துண்டுக்கு என்ன வியாதி இருக்க முடியும்? ஆனால் இந்தக் கடைக்காரர் ஒரு காலத்தில் எந்தப் போனுக்கும் எந்த உறையையும் பொருத்தி விற்றவர்.

"பாத்தியளா. நெஞ்சுல ஒளிஞ்சிருந்தது வயித்துல மாட்டிக்கிட்டு. சுகரு. ஆரம்பந்தான், பயப்பட வேண்டாம்."

அண்ணன் துண்டை வெளியே இழுத்துப் போட்டார். பச்சை. "ஆரம்பத்துல அப்படித்தான், வந்து வந்து போகும்" என்றார் கடைக்காரர். சொல்லும்போதே இரண்டு டப்பாவை எடுத்து மதினியின் கூடைக்குள் வைத்துவிட்டார்.

அண்ணனின் முகம் மாறியதை நான் அப்போதுதான் பார்த்தேன். நெஞ்சு வலியை அவர் பொறுத்துக்கொள்வார். தோள் வலியைப் பொறுத்துக்கொள்வார். சுகர் என்கிற பெயரை அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அது மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களுக்கு வருவது என்பது அவர் எண்ணம்.

"எனக்கா சுகரு? பத்தொம்போது வருசம் மெடிக்கல்ல ஏ கிரேடுவே. இப்பமே ஆஸ்பத்திரிக்குப் போயி டெஸ்ட் எடுத்து அந்தத் தாள ஒன் மூஞ்சியில ஒட்டுதேன்."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார். இத்தனை நாளாக மதினி அழுதும், நான் போனில் கெஞ்சியும் ஆஸ்பத்திரிக்கு நகராத கால், ஒரு தப்பான நோயின் பெயரைக் கேட்டதும் தானே நடந்தது. ஆட்டோவில் ஏறும்போது மதினி என்னைப் பார்த்தார். இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. பேசினால் அண்ணன் மனம் மாறிவிடுமோ என்று பயம்.

அரசு ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் ஒரு சின்னப் பெண். தனக்கு சுகர் இல்லை என்று எழுதித் தர வேண்டும் என்று அண்ணன் அவரிடம் அதிகாரமாகக் கேட்டார். விரலில் குத்திக்கொண்டிருக்கும்போது நான் டாக்டருக்குப் பின்னால் போய் நின்று, படி ஏறினால் நெஞ்சைத் தடவுவதையும் தோள்பட்டை வலியையும் மெல்லச் சொன்னேன். அவர் சுகர் தாளைப் பார்க்கவே இல்லை. படுக்கச் சொல்லி நெஞ்சில் ஒயர்களை மாட்டினார். அந்த மிஷினில் பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. கட்டம் போட்ட தாளில் ஒரு கோடு மட்டும் வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே டாக்டர் நர்ஸிடம் இரண்டு மாத்திரை பெயர் சொன்னார், மதுரைக்கு ஆம்புலன்ஸ் கேட்கச் சொன்னார்.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அண்ணன் என் கையைப் பிடித்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று குனிந்தேன்.

"சுகரு எம்புட்டுலே?"

"நூத்தி நாலுண்ணே. நார்மல்."

"அந்தத் தாள அவன்ட்ட குடுத்துரு" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

மதுரையில் பார்த்தபோது இருதயக் குழாய் ஒன்று முக்கால்வாசி அடைத்திருந்தது. அதில் ஸ்டென்ட் கம்பி வைத்தார்கள். ஐந்தாம் நாள் வீடு திரும்பினார். இப்போது மோட்டார் ரூம் படியை நிதானமாக ஏறி, மதினி எண்ணிக் கொடுக்கிற மாத்திரையைப் போட்டுக்கொள்கிறார். இன்னும் இரண்டு வாரம் தள்ளியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மதுரை டாக்டர் சொன்னதை நான் இங்கே எழுதவில்லை. தினமும் ஒருமுறை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், அது போதும்.

சுகர் தாளைக் கொடுப்பதற்காகக் கடைக்குப் போனேன். மதுரைச் சேதி எனக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது, வாசலில் புதிதாக ஒரு ஃபிளெக்ஸ் கட்டியிருந்தது. பாதத்தின் மேல் அண்ணன் அட்டென்ஷனில் நிற்கிற, அன்றைக்கு எப்போது எடுத்தாரோ தெரியாத போட்டோ, அதற்குக் கீழே 'இருதய அடைப்பை முன்கூட்டியே கண்டறிந்த விண்வெளித் தொழில்நுட்பம்' என்று எழுத்து. பேராசிரியர் கூட வேலை பார்க்கிற நாலு பேரைக் கூட்டிவந்திருந்தார். தலைமையாசிரியை அம்மா இந்த அற்புதத்தை ஜெபக் கூட்டத்தில் சாட்சியாகச் சொல்லிவிட்டாராம். நான் கொண்டுபோன தாளைக் கடைக்காரர் வாங்கிப் பார்த்தார். "நூத்தி நாலா? நம்ம டப்பா ரெண்டு போச்சுல்ல, அதான் கொறஞ்சிருக்கு" என்றார். அந்த டப்பாக்களை மதினி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே சாக்கடையில் கவிழ்த்திருந்தார்.

நான் அவரோடு வாதாடவில்லை. பெஞ்சில் அத்தனை படித்தவர்கள் இருக்கும்போது ஒன்பதாம் வகுப்பு என்ன பேசுவது? கருவிக்கு சர்வீஸ் காலம் வந்துவிட்டது, கவனிக்காவிட்டால் பேட்டரி வெடிக்கும் என்றேன். வெடிக்கும் என்றதும் பேராசிரியர் முதலில் எழுந்து வெளியே போனார். திருகைக் கழற்றி, சென்சாரையும் போர்டையும் உருவிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அவை இப்போது என் மேசை டிராயரில் இருக்கின்றன. டிராயர் பூட்டியிருக்கிறதா என்று பஸ் ஏறுவதற்கு முன் மூன்று தடவை பார்க்கிறேன்.

வெறும் கூடு மட்டும் ஸ்டாண்டில் நிற்கிறது. உள்ளே ஏதோ சீரியல் பல்பைச் சொருகி, ரீங்காரத்தை அவரே வாயை மூடிக்கொண்டு போடுகிறார் என்று கேள்வி. கண்ணால் பார்க்கவில்லை. செய்யக்கூடியவர்தான்.

வாரம் ஒருமுறை போன் செய்கிறார். போர்டைக் கொடுத்தால்தான் மீதிப் பணமாம். அது டிராயரைவிட்டு வராது என்று சொல்லிவிட்டேன். பேசிய தொகை எட்டாயிரத்து ஐந்நூறு. திறப்புவிழா அன்று கையில் கொடுத்தது மூவாயிரம். கடைசியாகப் பேசியபோது, அண்ணன் பெயரில் போன இரண்டு டப்பா சூரணத்துக்கு ஆயிரத்து இருநூற்று நாற்பது வீதம் கழித்துக்கொண்டதாகச் சொன்னார். அவர் கணக்குப்படியே பார்த்தாலும் எனக்கு இன்னும் வர வேண்டியது மூவாயிரத்து இருபது ரூபாய்.